புதன்கிழமை அறையைத் திறந்த டாக்டரம்மாவுக்கு

கனிவைக் கண்ணிலும் கண்டிப்பைக் குரலிலும் குடிவைத்தவரே! பிஞ்சு முதுகுகளைப் பிழையறத் தைத்த பெருந்தகையே! குழந்தைகள் அறுவைப் பிரிவின் குன்றாத விளக்கே! முறைக்காதீர்கள் டாக்டரம்மா. மடல் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டுமாம். பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்று தெரிந்தே உங்களுக்கு இருபுறமும் ஆள் உட்கார வைத்திருக்கிறோம்.

பணி ஓய்வு என்ற சொல் காதில் விழுந்த நாளிலிருந்து நீங்கள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கை கழுவும் இடத்தில் கேட்டீர்கள், தேநீர் வேளையில் கேட்டீர்கள், லிஃப்ட்டுக்குள் மடக்கிக் கேட்டீர்கள்: "நான் போனப்புறம் புதன்கிழமை என்ன ஆகும்?" நாங்களும் சளைக்காமல் "எல்லாம் நடக்கும் டாக்டரம்மா" என்று சொல்லிப் பார்த்தோம். "வாயால சொல்லாதீங்க, செஞ்சு காட்டுங்க" என்று போட்டீர்களே ஒரு போடு! அதற்கான பதிலை இந்த மடலின் கடைசியில் வைத்திருக்கிறோம். அதுவரை பொறுத்தருள்க.

அவையிலுள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் புதன்கிழமையின் கதை தெரிய வேண்டும். முதுகெலும்பு முழுதாக மூடாமல், நரம்புகள் வெளியே தெரியப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பிறந்த ஓரிரு நாளில் அந்த முதுகை மூடித் தைப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தலையில் நீர் சேர்கிறதா, சிறுநீர் சரியாகப் பிரிகிறதா, பாதம் திரும்புகிறதா என்று வளரும் காலமெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைய நம் மருத்துவமனையிலும் பார்த்தார்கள், பாராமுகமாக யாரும் இல்லை. ஆனால் ஆளுக்கொரு மாடியில், ஆளுக்கொரு நாளில், ஆளுக்கொரு துண்டாகப் பார்த்தார்கள்.

இதோ முன்வரிசையில் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி போட்ட கால்களை நீட்டிக்கொண்டு, இந்த மடலையும் மீறிப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாளே, அப்படிப் பிறந்த நம் வாயாடி, அவளுக்கு அப்போது பள்ளிக்குப் போகத் தொடங்கிய வயது. நேராக இருந்த பாதம் மீண்டும் உள்ளே திரும்பியது. எலும்பு மருத்துவர் புதுக் காலணி எழுதிக் கொடுத்தார். நின்றிருந்த சிறுநீர்க் கசிவு மறுபடி வந்தது. சிறுநீரகத் துறையில் மருந்தைக் கூட்டினார்கள். முதுகு வலிக்கிறது என்றாள். புத்தகப் பையின் பாரம் என்று பொதுமருத்துவர் சொன்னார். அவரவர் வேலையை அவரவர் அருமையாகச் செய்தார்கள், குழந்தை மட்டும் தேய்ந்துகொண்டே போனாள்.

லிஃப்ட் ஓடாத ஒரு நாள். மகளை இடுப்பில் சுமந்து ஏறி, இனி ஏற முடியாமல் இரண்டு மாடிகளுக்கு நடுவே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார் அவள் அம்மா. மேலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்தீர்கள் நீங்கள்.

"ஏம்மா இங்க உக்காந்துட்டீங்க? வழிய விடுங்க" என்றீர்கள். (ஆமாம், அப்படித்தான் கேட்டீர்கள். புயல் என்று உங்கள் காதுபடாமல் நாங்கள் பெயர் வைத்தது சும்மாவா?)

"கால மேல பாக்குறாங்க, ஒண்ணுக்குப் போறத பின்கட்டிடத்துல பாக்குறாங்க, முதுக கீழ பாக்குறாங்க" என்றார் அந்த அம்மா. "முழுசா என் பொண்ண யாரு டாக்டர் பாக்குறது?"

வேறொருவராக இருந்தால் வழிகாட்டிவிட்டு நகர்ந்திருப்பார். வெள்ளைக் கோட்டோடு அதே படியில் உட்கார்ந்தீர்களே, எங்கள் தாயே! அந்த அம்மா பேசி முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. திறந்தபோது உங்களுக்கு எல்லாம் பிடிபட்டிருந்தது. பாதமும் கசிவும் வலியும் மூன்று நோயல்ல, ஒன்றே. பழைய தழும்பில் தண்டுவடம் ஒட்டிக்கொண்டு, பிள்ளை வளர வளர அந்த ஒட்டு தண்டுவடத்தை இழுத்திருக்கிறது. உடனே தொலைபேசியை எடுத்து மூன்று துறை மருத்துவர்களையும் படிக்கட்டுக்கே வரவழைத்தீர்கள். எலும்பு மருத்துவர் கையில் ஒட்டிய மாவுக்கட்டு மாவு காயும் முன்பே ஓடி வந்தார். நீங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. "நானும்தான் போன மாசம் இவளைப் பாத்தேன். தையல் நல்லா இருக்குன்னு அனுப்பிட்டேன்" என்றீர்கள்.

ஒட்டிய தண்டுவடத்தை விடுவித்த அறுவை நன்றாக நடந்தது. வலி போயிற்று, கசிவு குறைந்தது, நடை நின்றுவிடாமல் நிலைத்தது. ஆனால் பாதம் பழையபடி நேராகவில்லை. அந்தக் காலிப்பரைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் உங்களுக்கு மனது சுருக்கென்கிறது. எங்களுக்குத் தெரியும்.

உடைந்த சக்கர நாற்காலிகள் கிடந்த கீழ்த்தள அறையை அடுத்த வாரமே காலி செய்ய வைத்தீர்கள். புதன்கிழமை அறை பிறந்தது. புதன்தோறும் குழந்தை அங்கே ஓரிடத்தில் இருக்கும், மருத்துவர்கள்தாம் தேடி வர வேண்டும். பெற்றவர் முதலில் பேசுவார், பேசி முடிக்கும்வரை பேராசிரியரே ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது. மீறியவர்கள் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இந்த அவையில் விரிக்க வேண்டாம்.

இனி, வாக்களித்த பதில்.

இன்றும் புதன்கிழமை. விழாவைத் தள்ளி வையுங்கள், அறையைத் தள்ளி வைக்காதீர்கள் என்று குதித்தீர்கள். காலையில் அலுவலகத்தில் கையெழுத்துக்காக நெடுநேரம் உங்களைக் காக்க வைத்தார்களே, அது எங்கள் ஏற்பாடு. மன்னித்து, பிறகு திட்டுங்கள். அந்த நேரத்தில், முதுகு மூடாமல் நேற்றுப் பிறந்த ஒரு குழந்தையை ஏந்திக்கொண்டு அதன் சித்தி புதன்கிழமை அறை வாசலில் வந்து நின்றார். "அக்கா இன்னும் பிரசவ வார்டுலதான் இருக்கா. எந்த டாக்டரப் பாக்கணும்னே தெரியலங்க" என்று அழுதார்.

"நீங்க எங்கயும் போக வேணாம். உக்காருங்க, அவங்க வருவாங்க" என்றார் நம் இயன்முறை மருத்துவர்.

எல்லோரும் வந்தார்கள். உங்கள் நாற்காலியை வெறுமையாக விட்டு உருகிக்கொண்டிருக்கவில்லை. அதெல்லாம் உங்களுக்குப் பிடிக்காது. நீங்கள் பழக்கிய இளைய அறுவை மருத்துவர் அதில் உட்கார்ந்தார். சித்தி பேசத் தொடங்கினார். நடுவில் ஏதோ கேட்க எலும்பு மருத்துவர் வாயெடுத்தார், சிறுநீரக மருத்துவர் முறைத்த முறைப்பில் அப்படியே மூடிக்கொண்டார். சித்தி கடைசிவரை பேசி முடித்தார், நாங்கள் கடைசிவரை கேட்டோம். வாயாடி தானாகவே காலிப்பர் ஒலிக்க நடந்து வந்து சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாதீங்க, என்னைப் பாருங்க, என் வாய மட்டும்தான் இவங்களால சரி பண்ண முடியல" என்றாள். சித்தி சிரித்துவிட்டார்.

அன்பே உருவான எங்கள் புயலே! உடல்நலம் குன்றாமல், உறவு சூழ, உரத்த குரல் தேயாமல் நெடுநாள் வாழ்க! அந்தப் பிஞ்சின் முதுகை நாளைக் காலை மூடப் போகிறோம். நீங்கள் வர வேண்டாம் டாக்டரம்மா. விடிந்த பிறகும் தூங்குங்கள்.

திட்டு வாங்காத நாளில் தவித்துப் போகும்,
குழந்தைகள் அறுவைப் பிரிவினர்,
வாயாடியும் சேர்த்து.