வெண்டலின் இருநூறு கஜம்

புதிதாக வேட்டைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கொடுப்பது ஒரு பேப்பர் தட்டு. எல்க் மானின் நெஞ்சில் குறிவைக்க வேண்டிய இடம் ஏறக்குறைய அந்த அளவுதான். சுடுகிற குண்டெல்லாம் எவ்வளவு தூரம்வரை தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் அவருடைய தூரம். அதைத் தாண்டிச் சுடக்கூடாது. வயோமிங்கில் என்னைவிடக் கண்டிப்பாக இதைச் சொல்லித்தருகிற வழிகாட்டி கிடையாது, ஷெரிஃப். விசாரித்துப் பாருங்கள்.

வெண்டலுக்கு இருநூறு கஜம். ஒஹாயோவில் வீட்டு ஹீட்டர்களைப் பழுது பார்க்கிறவர். கோடை முழுக்கத் தட்டைச் சுட்டுப் பழகியிருந்தார்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் இப்ப ஓட்டைத் தட்டுதான், ஹார்லன். என் பொண்டாட்டி சூப்பு வைக்கிறதையே விட்டுட்டா."

நான் சிரித்தேன். என் கூடாரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

தொழில் உங்களுக்குத் தெரியும். குறி சரியாகப் பட்டால் மான் விழும், உரிப்போம், இறைச்சியைக் குதிரையில் ஏற்றுவோம். கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். காயத்தோடு ஓடிவிட்டால் அப்படிப் போக முடியாது. தேடிக் கண்டுபிடித்து முடித்துவைப்பதுதான் முறை. ரத்தச் சுவட்டின் பின்னால் நடக்கிற மனிதன் மனம்விட்டுப் பேசுவான். இதை நான் தற்செயலாகத்தான் கண்டுகொண்டேன்.

மான் எதிர்ச்சரிவில் நின்றது. வெண்டல் குப்புறப் படுத்துத் துப்பாக்கியை ஊன்றினார்.

"எவ்வளவு இருக்கும்? இருநூறுக்கு மேலன்னா விட்டுடலாம். பாவம் அது."

தூரம் பார்க்கும் கருவி முந்நூற்றுப் பத்து காட்டியது.

"நூத்தித் தொண்ணூறு," என்றேன்.

வெண்டலுக்கு முன்பும் சிலரிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

குண்டு தாழ்ந்துபோய் முன்னங்காலை முறித்தது. தன் கை நடுங்கிவிட்டதாகச் சொல்லி வெண்டல் அழுதார். யாருக்கும் நடக்கிறதுதான் என்று தேற்றினேன். அன்று மாலை கூடாரத்து அடுப்பருகே உட்கார்ந்து, செத்துப்போன தம்பியைப் பற்றிப் பேசினார். பீன்ஸ் டப்பாவை எனக்கும் நீட்டினார்.

மறுநாள் கிழக்குப் பள்ளத்தின் மேல் அண்டங்காக்கைகள் வட்டமிட்டன. மான் அங்கே செத்துக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. மேற்கே கூட்டிப்போனேன். இன்னும் ஒரு நாள் போதும் என்று நினைத்தேன்.

பனி கொட்டத் தொடங்கியதும் திரும்பலாம் என்று சொன்னது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"கால் ஒடைஞ்சு எங்கயோ கெடக்குது. அதை விட்டுட்டுப் போய் வீட்ல எப்படி உக்காருவேன்? நீங்க போங்க, ஹார்லன்."

அவரைத் திருப்ப ஒரு வார்த்தை போதும். தூரம் பொய், மான் செத்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசியிருக்கமாட்டார். சொல்லவில்லை. தனியாக மேலே ஏறிப் போனார்.

பனி நின்றபிறகு போய்ப் பார்த்தேன். ஒரு மரத்தில் சாய்ந்தபடி, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு விறைத்துப்போயிருந்தார். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் என்றால், இருட்டும்வரை.

அந்த இடம் ஓடையிலிருந்து அரை மைல் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லியிருந்தேன். நேற்றெல்லாம் தேடியும் கிடைக்கவில்லையாம். பனியில் தூரம் ஏமாற்றும். நானே கூட வந்து காட்டுகிறேன், ஷெரிஃப். சாப்பாடு எடுத்துக்கொள்ளுங்கள், கூடாரமும் இருக்கட்டும். ஒரே நாளில் முடிகிற நடை இல்லை.