வில்லாளி சாலிஹா

எனக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. வீட்டுக்காரர் வெளியே சுற்றாமல் வீட்டோடு இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டவள்தான் நான்.

என் கணவர் அபுல் ஹசன் இங்கே வியட்நாமில், டான் சோன் நாட் விமான நிலையத்துச் சரக்கு ஆபீஸில் வேலை பார்த்தார். தொண்ணூற்றைந்தில் அங்கே கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் பழைய விளையாட்டு ஒன்று இருந்தது. கோட்டைகள், பூதங்கள், டிராகன்கள். சின்னச் சேனையைக் கட்டம் கட்டமாக நகர்த்த வேண்டும். வீரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். ஒருவர் செத்தால் செத்ததுதான். முன்பு பதிந்துவைத்த இடத்திலிருந்து மறுபடி ஆடினால்தான் பிழைப்பார்.

அவர் மூன்று பெயர்கள் வைத்திருந்தார். வில்லாளி சாலிஹா, முதல் மனைவி. குதிரைவீரன் சேக், மகன். மந்திரக்காரி நூர் நிஷா, மகள். எழுபத்தொன்பதில் நாட்டைவிட்டுத் தப்பிப் போக அவர்களைப் படகேற்றிவிட்டு, அடுத்த படகுக்கு இவர் காத்திருந்தார். அவர்கள் எந்தக் கரைக்கும் போய்ச் சேரவில்லை. மையத்து கிடைக்காததால், இறந்தவர்களுக்காக ஓதும் பாத்திஹாவை ஓத விடமாட்டார். "காணாமப் போனவங்களுக்கு எதுக்குப் பாத்திஹா?" என்பார்.

எண்பத்துநாலில் என்னை நிக்காஹ் செய்தார்.

"ஷரீஃபுன்னிசான்னு ஒரு சிப்பாய்க்கும் பேர் வைங்களேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீதான் உசுரோட இருக்கியே புள்ள. அங்க உனக்கு என்ன வேலை?"

"இங்க மட்டும் என்ன வேலையாம்? சோறு வடிக்கிறதா?"

"பொறு, சாலிஹாவுக்கு அம்பு தீந்துபோச்சு" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு வருஷம் பின்னால் நின்று பார்த்ததில் எனக்கும் ஆட்டம் பிடிபட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போனதும் உட்கார்ந்தேன். மூவரையும் டிராகன் குகைக்குள் நடத்தினேன். பிள்ளைகள் முதலில் போனார்கள். சாலிஹா கொஞ்சம் தாக்குப்பிடித்தாள். முடிந்ததும் பதிந்தேன். பழைய பதிவுகளை எல்லாம் அழித்தேன்.

நெய்ச்சோறு காலையிலேயே ஆக்கியிருந்தேன். பள்ளிவாசல் ஹஸரத்துக்கு முதல்நாளே சொல்லியனுப்பியிருந்ததால் அவரும் இவரோடே வந்தார். மூன்று பெயரையும் சொல்லி ஓதச் சொன்னேன். விருந்தாளி முன்னால் மறுக்க முடியாமல் இவரும் கையேந்தினார். மவுத்தானவர்களுக்குச் செய்யவேண்டியதை யாராவது செய்யத்தானே வேண்டும்.

ஹஸரத் போனதும் இவர் கம்ப்யூட்டரைப் போட்டார். நான் அடுப்படியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

பிறகு நாற்காலி சாய்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். போன வருஷமும் ஒருதரம் இப்படி வந்தது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தார். அது அடுப்படி அலமாரியில் இருந்தது. எடுத்துக்கொண்டு அந்த அறை வாசல்படி வரை வந்துவிட்டேன்.

"சாலிஹா, மாத்திர..." என்றார். மூன்று தரம் சொன்னார்.

நான் மாத்திரையோடு அங்கேயே நின்றேன். தர மனமில்லாமல் இல்லை. என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.