சன்னலோரம் செத்த சீரம்: வீரமுத்து அண்ணனுக்கு

யோங் பெங் பக்கத்துத் தோட்டங்களின் கூட்டு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்து, கினிப்பன்றிகளுக்குத் தாயாகவும், ஐஸ்பெட்டிக்குக் காவலாகவும், எங்களுக்கு மூத்தவராகவும் இருந்து இன்று ஓய்வு பெறும் பொறுமையின் பெருமகனே! வீரமுத்து அண்ணனே! வணக்கம்.

மாலை பிடித்த எங்கள் கைகள் கூசுகின்றன. ஆகவே இந்த மடலில் புகழ் குறைவு, உண்மை அதிகம். உங்கள் முன் நின்று இதை வாசிக்கும், லேபில் ரத்தச் சோதனை பார்க்கும் டிரெசர் கிரகோரி, தன் கதையை மழுப்பாமல் எழுதச் சொன்னான். எழுதினோம்.

நம் ரத்தத்தில் இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று நோய்க்கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். மற்றது எந்நேரமும் ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். ஒட்டுப்பட்ட கிருமியைக் கண்டால் பாய்ந்து உடைக்கும். பெரிய டாக்டர் அதைக் 'காம்ப்ளிமென்ட்' என்றார். நீங்கள் 'கூட்டாளி' என்றீர்கள். முன்னது சூடு தாங்கும், கூட்டாளி தாங்காது. அதனால்தான் கூட்டாளி நிறைந்த கினிப்பன்றிச் சீரத்தை, அந்த ரத்தத் தெளிநீரை, ஐஸில் பொத்திப் பொத்தி வைத்தீர்கள்.

உறவால் தொற்றும் மேகநோய்க்கான சோதனையே இந்தக் கூட்டாளியை நம்பித்தான். நோய் இருந்தால் கூட்டாளி அதிலேயே செலவாகிவிடும். பிறகு சேர்க்கும், ஏற்கெனவே ஒட்டுப்போட்ட ஆட்டின் சிவப்பணுக்கள் உடையாமல் குழாயின் அடியில் தங்கும். நோய் இல்லையென்றால் கூட்டாளி மிஞ்சி அணுக்களை உடைக்கும். குழாய் முழுதும் தெளிந்த சிவப்பு. கூட்டாளியே செத்திருந்தால் ஒன்றும் உடையாது, எல்லாருக்கும் நோய் என்று குழாய் பொய் சொல்லும். அந்தப் பொய்யைப் பிடிக்கத்தான் யாருடைய ரத்தமும் சேராத சாட்சிக் குழாய்.

1931இல் ஒரு சனிக்கிழமை. மூவாரில் பந்தாட்டம். லாரியைப் பிடிக்கும் அவசரத்தில் கிரகோரி காலையில் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சீரப் புட்டியைச் சன்னலோரம் வெயிலில் மறந்தான். மதியம் அதையே ஊற்றினான். சாட்சிக் குழாய் வைக்கவில்லை. தோட்டத்து ஆட்கள் பதினொருவரின் குழாயிலும் அணுக்கள் அடியில் தங்கின.

கூண்டு கழுவிய கையோடு வந்து பார்த்தீர்கள்.

"தம்பி, பதினொண்ணுல ஒண்ணுகூட உடையலியே. கூட்டாளி செத்துருச்சுப்பா. சாட்சி எங்க?"

"எலிக்கூண்டு கழுவுறவரு எனக்குப் பாடம் எடுக்குறீங்களா? லயத்து ஆளுங்க ரத்தம் அப்படித்தான் லா இருக்கும்!"

சிரித்தது கிரகோரி மட்டுமல்ல, அங்கு நின்ற நாங்களும்தான். தோட்டக் கூலிகளின் லயத்தில் பிறந்த நீங்கள் தலைகுனிந்து வெளியே போனீர்கள்.

திங்கட்கிழமை, அந்தப் பதினொருவரில் ஒருத்தியான, ரப்பர்ப் பால்மரம் வெட்டும் கிருஷ்ணம்மா ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி, கையில் ஒரு துணிமூட்டை. முடிவைக் கேட்ட புருஷன் காளியப்பன் வீட்டைவிட்டு விரட்டியிருந்தான். நீங்கள் புதிதாகச் சீரம் எடுத்து, ஐஸில் வைத்து கிரகோரிமுன் நீட்டினீர்கள்.

"இந்தத் தடவ சாட்சியோட போடு தம்பி."

சாட்சிக் குழாய் தெளிந்தது, பதினொன்றில் பத்துக் குழாய்களும் தெளிந்தன. அவற்றில் ஒன்று கிருஷ்ணம்மாவுடையது. திருத்திய தாளோடு நீங்களே லயத்துக்கு நடந்து போய், ஊர் கேட்கக் காளியப்பனிடம் சொன்னீர்கள்: "தப்பு எங்க குழாய்ல, உம் பொண்டாட்டி ரத்தத்துல இல்ல. போயி மன்னிப்புக் கேளு, கூட்டிட்டு வா." அவன் வந்து கேட்டான். நாங்கள் இன்றுவரை கேட்கவில்லை.

"சீரத்தை வெளியே வைத்தது யார்?" என்று டாக்டர் எங்களை நிறுத்திக் கேட்டார். கிரகோரி வேலைக்கு வந்து பத்து மாதம். சொன்னால் வேலை போகும். வாயைத் திறந்தான். அதற்குள் உங்கள் குரல் கேட்டது.

"பெட்டி எம் பொறுப்புங்க, தொரை."

அவன் வாயை மூடிக்கொண்டான். நாங்களும் மூடிக்கொண்டோம். கினிப்பன்றிகளை விட்டு உங்களை வார்டு நடை கழுவ அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகள்! தினமும் காலையில் வாளியோடு லேப் வாசலைக் கடக்கும்போது, "ஐஸ் வந்துச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து கிரகோரி பின்கதவால் வந்துபோனான்.

பெரிய டாக்டர் முன்வரிசையில் இருக்கிறார். சீரத்தை வெயிலில் வைத்தவன் கிரகோரி. தெரிந்தும் பேசாதவர்கள் நாங்கள். ஆஸ்பத்திரிப் பதிவில் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் குற்றத்தை அடித்து எங்கள் பெயர்களை எழுத வேண்டுகிறோம். வேலை போகலாம் என்று தெரிந்தேதான் அவன் இதை வாசிக்கிறான்.

இந்த மடலின் சட்டமிட்ட பிரதிகள் இரண்டு செய்திருக்கிறோம். ஒன்று உங்கள் வீட்டுக்கு. மற்றது ஐஸ்பெட்டிக்கு மேலே, புட்டி எடுக்க நீளும் ஒவ்வொரு கையும் பார்க்கும் இடத்தில்.

அண்ணே, நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழுங்கள்! நாளைக் காலை வாளி இல்லாமல் ஒருமுறை லேபுக்கு வாருங்கள். முன்கதவு திறந்திருக்கும். கேட்காமலே பதில் சொல்வோம்: ஐஸ் வந்துவிட்டது, சாட்சியும் வைத்துவிட்டோம்.

தலைகுனிந்து கையெழுத்திடும்,
கிரகோரி
மற்றும் ஆஸ்பத்திரி ஊழியர்கள்
ஜொகூர், 1934