ஒரே ஒரு தடவைக்குச் சதவீதம் கிடையாது

நாளை மழைக்கு அறுபது சதவீதம் வாய்ப்பு என்று செய்தியில் சொன்னால் நான் டிவியை அணைத்துவிடுவேன். நாளை என்பது ஒரே நாள். பெய்யும், அல்லது பெய்யாது. பல தடவை நடந்ததை எண்ணிச் சொல்வதுதான் வாய்ப்பு, மற்றதெல்லாம் ஜோசியம். எங்கள் கட்சிக்கு ஃப்ரீக்வென்டிஸ்ட் என்று பெயர். புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படித்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

சாயப்பட்டறையில் பாதுகாப்புக்கு நான்தான் பொறுப்பு. நான்காம் மெஷினில் தண்ணீர் நூற்று முப்பது டிகிரியில், அழுத்தத்தில் கொதிக்கும். பன்னிரண்டாயிரம் ஓட்டத்தில் அதன் மூடி ஒருமுறைகூடப் பிசகியதில்லை. அன்று காலை அதை ஓட்டும் மொக்கைச்சாமி என் அறை வாசலில் வந்து நின்றார். தெற்கத்திக்காரர், எட்டாவது ஃபெயில்.

"மூடிப் பக்கம் சத்தம் வேற மாதிரி கேக்குது சார். நிப்பாட்டிப் பாத்துருவோம்."

உங்கள் காதை நான் ரெஜிஸ்டரில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன். புதிதாகச் சேர்ந்த பொறியாளர் அனுப்பிரியா அவருக்கு வக்காலத்து வாங்கினாள். தன்னைப் பேயீசியன் என்று சொல்லிக்கொள்பவள். மனதிலுள்ள நம்பிக்கைக்கும் ஒரு எண் உண்டாம். புதுத் தகவல் வந்தால் அந்த எண்ணை மாற்ற வேண்டுமாம்.

"பதினோரு வருசமா அந்தச் சத்தத்தைக் கேக்கறவருங்க சார். அவரு பயப்படறதும் ஒரு தகவல்தானுங்க. மூடி பிசகற வாய்ப்பு நேத்து பத்தாயிரத்துல ஒண்ணுன்னா, இன்னைக்குப் பத்துல ஒண்ணுங்க."

பயத்துக்குச் சதவீதம் போட எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள் என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. மெஷின் ஓடலாம் என்று கையெழுத்துப் போட்டேன். மொக்கைச்சாமி மெஷினுக்குத் திரும்பிப் போனார்.

பதினொன்றே காலுக்கு மூடி பிய்த்துக்கொண்டது. அவர் மனைவி ராமுத்தாய் செருப்பை வைத்துத்தான் அவரை அடையாளம் சொன்னார். அதற்காக என் கணக்கு தப்பாகிவிடாது. பன்னிரண்டாயிரத்து ஒன்றில் ஒன்று, அவ்வளவுதான்.

அந்த ஷிப்டின் சூப்பர்வைசர், என் மகன் நித்தீஷ், ஏன் அங்கே இல்லை என்று கேட்கிறீர்கள். கையெழுத்துப் போட்ட கையோடு அவனுக்குப் போன் செய்தேன். "கண்ணு, நீ சேவூர் வரைக்கும் போயிட்டு வா. மத்தியானம் வந்தாப் போதும்" என்றேன்.

சேவூரில் வேலை ஒன்றுமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். நான் எந்த எண்ணும் போடவில்லை.