கிராஃப் கேதீஸ்வரன்

ஜூலை மாதம், மாலை ஆறரை மணி. புக்கெகோஹியிலிருந்து வரும் தோட்டத்து வழி. பூமியின் தென்பாதியில் அது குளிர்காலம் அல்லவா, அதற்குள் கும்மிருட்டு... இரண்டு பக்கமும் வெங்காயப் பாத்தி. எதிரே மூடுபனி. ஒரு வண்டிகூட இல்லை.

காரை ஓட்டியவர் நம் சிநேகிதி சோபனாவின் மச்சான் கேதீஸ்வரன். பின் சீட்டில் ஆறு வயது மகள் பிரணவி, நல்ல தூக்கம். சோபனா இதை எனக்குச் சொன்னபோது வீட்டில் எல்லா விளக்கையும் போட்டு வைத்திருந்தாள்.

மனிதர் முன்பு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு ஜெர்மன் கிழவர், கிராஃப் ஃபொன் ஆல்டன்ரீட். கிராஃப் என்பது பிரபுப் பட்டம். ஃப்ரைஹெர் என்ற பட்டத்துக்கு மேலே, ஃபூர்ஸ்ட் என்ற பட்டத்துக்குக் கீழே. 1919-இல் ஜெர்மன் பிரபுக்களின் சலுகையெல்லாம் போயிற்று. பட்டம் மட்டும் குடும்பப் பெயரில் ஒட்டிக்கொண்டு மிஞ்சியது. தத்துப் பிள்ளைக்கும் அது வரும். வாரிசில்லாத கிழவர் கேதீஸ்வரனைச் சட்டப்படி தத்தெடுத்தார். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் போகும்போது மகனாகப் பக்கத்தில் இரு."

"ஓம் ஐயா, கட்டாயம் இருப்பன்" என்றார் இவர்.

பெயர் கைக்கு வந்ததும் தலைகால் புரியவில்லை. வேலையை விட்டுவிட்டு, வீடு விற்கும் தொழில். வெஸ்ட்கேட்டில் தெருவுக்குத் தெரு பலகை: கிராஃப் கேதீஸ்வரன், பல்லெல்லாம் தெரியும் படத்தோடு. கிழவர் இழுத்துக்கொண்டு கிடந்த மூன்று நாளும் இல்லத்திலிருந்து போன் வந்தது. போகவில்லை. சாம்பலை வாங்கக்கூடப் போகவில்லை. "கொள்ளி வைக்கிறது பெத்த தகப்பனுக்கு. இது வெறும் பேப்பர் தகப்பன்" என்று சோபனாவிடமே சொன்னாராம். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, காருக்கு வருவோம்...

டிங். டிங். டிங்.

பெல்ட் போடவில்லை என்று கார் எச்சரித்தது. பிரணவிக்குப் பக்கத்து சீட். அங்கே யாரும் இல்லை. கேதீஸ்வரன் திரும்பிப் பார்த்தார்... பெல்ட் தானாக நீண்டது. க்ளிக். டிங் நின்றது. குப்பென்று தைல வாசனை. அந்தக் கிழ முதுகில் அவர் தினமும் தேய்த்துவிட்ட அதே தைலம்.

பிரணவி விழித்திருந்தாள். காலி சீட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

காரை ஓரம் கட்டிவிட்டு மனிதர் அழுதே விட்டார். "ஐயா, பேரைத் திருப்பி எடுங்கோ. பலகை எல்லாத்தையும் கழட்டுறன். என்ரை பிள்ளையை விடுங்கோ..."

பிள்ளை நிதானமாக ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பெயரைத் திருப்பி எடுக்க முடியாதாம். அது மேலே ஏறாதாம். கீழேதான் இறங்குமாம்.

க்ளிக். பெல்ட் சுருண்டது. வாசனையும் போயிற்று.

வீட்டுக்கு நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். மறுநாளே கேதீஸ்வரனுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள், காரணம் பிடிபடவில்லை. பலகைகளை ஆள் விட்டுக் கழற்றினார்கள். காய்ச்சல் விடவில்லை.

"அப்பாட்டை வா பிள்ளை" என்று படுத்தபடி கூப்பிடுவார். பிரணவி போகமாட்டாள். தினமும் சாயங்காலம் அறை வாசலில் விறைப்பாக வந்து நின்று, கட்டிலைப் பார்த்து ஜெர்மனில் ஏதோ சொல்வாள். அந்த வீட்டில் யாருக்கும் ஜெர்மன் தெரியாது. போன வாரம் அவள் அம்மா வசந்தமலர் அதைப் போனில் பதிந்து, மொழிபெயர்த்துப் பார்த்தாள்.

"பட்டம் எனக்கு எப்போது வரும்? இவர் இன்னும் சாகவில்லையே..."