வெள்ளி மூடி

— நக்கோ, பிளஸ்ஸன். வேற என்ன வேணும்னாலும் கேளு. பைக் வேணுமா, எடுத்துக்க. அந்தக் கிடார் மட்டும் நக்கோ.

— புனேவுக்கு பைக்க மடியில வெச்சுக்கிட்டா போவேன், அண்ணே? லாஜிக் சொல்லு. ரெண்டும் சிவப்பு. ரெண்டும் டாடி ஒரே நாள்ல, ஒரே கடையில வாங்குனது. கடையிலேயே விலை கம்மியானது. கம்பிக்குக் கீழ சவுண்ட எடுக்குற மூணு பிக்கப்புக்கும் மேல மூடி இருக்கு பாரு, அது மட்டும்தான் வேற. உன்னோடது வெள்ளி, என்னோடது கறுப்பு பிளாஸ்டிக்.

— அதைத்தான் நானும் சொல்றேன். வெள்ளி மூடிக்கு சவுண்டே வேற. அதுவும் இது சாதாரணக் கிடாரா? போன ஈஸ்டருக்கு முந்தின நாள் சத்தமே வராம செத்துக் கிடந்துச்சு. ஜெபம் பண்ணிட்டுப் படுத்தேன். காலையில பாடுச்சா இல்லையா?

— அத நீ கோயில்ல சாட்சியாவே சொல்லிட்ட. பாதிரியாரே கைதட்டுனாரு. அம்மா, நீங்களே கேளுங்க.

— கேட்டுக்கிட்டுதாம்ல இருக்கேன். மல்காஜ்கிரி பூராவும் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. எனக்கு ரெண்டுமே தகரத்த உருட்டுத மாரிதான். ஏல ஜோசியா, முப்பத்தஞ்சு வயசாச்சு, ஒரு மூடிக்கா இந்தச் சண்ட?

— முப்பத்திரெண்டும்மா.

— அண்ணே, செவுத்தப் பாத்து நில்லு. நான் வாசிக்கிறேன். எது வெள்ளின்னு சரியா சொல்லிட்டா, பேசாம கறுப்ப எடுத்துட்டுப் போறேன்.

— ஹவ், சரி வாசி. ம்ம்... சரி, இப்ப ரெண்டாவது. ஹவ் ஹவ்! இதான். மணி மாதிரி இருக்கு பாரு. இதான் வெள்ளி.

— திரும்பு.

— கறுப்பா? அப்ப மொதல்ல வாசிச்சதுதான் வெள்ளி.

— அதுவும் கறுப்புதான். ரெண்டு தடவையும் இதையேதான் வாசிச்சேன்.

— சிரிக்காதீங்கம்மா.

— நான் எங்கல சிரிச்சேன்? நான் பாட்டுக்கு இவனுக்கு எலுமிச்சஞ்சோறு கட்டுதேன்.

— சரி, சவுண்டு இல்ல. ஒத்துக்கறேன். டாடி கையால செஞ்ச மூடிடா அது. சனத்நகர் கம்பெனியில மிச்சமான பித்தளைத் தகட்ட வெட்டி, மடிச்சு, முலாம் போட்டுக் கொண்டாந்தாரு.

— அதுக்குத்தான் எனக்கும் வேணும். டாடி போயி நாலு வருஷமாச்சு. அங்க என்கிட்ட என்ன இருக்கப் போகுது?

— அந்த மூடி வந்த கிறிஸ்மஸ மறப்பேனா? பிளஸ்ஸனுக்கு அம்மை. கேரல் பாடப் போவ முடியலன்னு ஒரே அழுக. அவுக விடியக்காலம் எந்திரிச்சு, மூடிய மாட்டி வெச்சுட்டு ஷிப்டுக்குப் போயிட்டாக. ஒரு செட்டுக்குத்தான் தகடு இருந்துச்சுன்னாக.

— அந்த ஒரு செட்டும் பெரியவனுக்கு. அம்மை போட்டவனுக்கு வேப்பிலை.

— டீ குடிக்கிறியாடா?

— பேச்ச மாத்தாத, அண்ணே. எனக்கு ஒரு ஐடியா. கம்பியத் தளத்தி ஸ்க்ரூவக் கழட்டுனா மூடி வந்துரும். கிடார் உனக்கு, மூடி எனக்கு. ட்ரெயின் மூணு மணிக்குத்தான். அம்மா, தையல் மிஷின் டப்பாவுல ஸ்க்ரூட்ரைவர் இருக்கும், எடுங்க.

— நக்கோ! கழட்டாத!

— உன் பாஷையிலேயே கேக்குறேன். கைக்கு? ஏன் கழட்டக் கூடாது?

— கழட்டாதன்னா கழட்டாத.

— ஏல, மூடியக் கழட்டுனா என்ன? ஒனக்கு மொகம் ஏன் இப்படி வேத்துப் போச்சு?

— உள்பக்கம் பாத்தா தெரிஞ்சிரும்மா. டாடி எழுத்துப் பதிக்கிற பஞ்ச் வெச்சு அடிச்சிருக்காரு. பேரு.

— யாரு பேரு?

— இவன் பேரு. மூணு மூடியிலயும். டாடி இவன் கிடார்லதான் மாட்டிட்டுப் போனாரு. இவன் காய்ச்சல்ல தூங்கிட்டு இருந்தான். நான் மொதல்ல எந்திரிச்சுட்டேன். கழட்டி என்னோடதுல மாட்டிக்கிட்டேன். சாயங்காலம் டாடி வந்து பாத்தாரு. ஒண்ணுமே சொல்லல. ரெண்டு அடி போட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன்.

— அட பாவி! அதான் "இன்னொரு செட்டு செஞ்சிரணும், கனகமணி, செஞ்சிரணும்"னு சொல்லிக்கிட்டே இருந்தாகளா? அதுக்குள்ள கம்பெனியப் பூட்டிட்டானுவ.

— எடுத்துக்கடா. மூடியோட, கிடாரோட எடுத்துக்க. அடிக்கணும்னா அடி, பிளஸ்ஸன். திட்டவாவது செய்.

— ஸ்க்ரூட்ரைவர உள்ள வைங்கம்மா. நான் கறுப்பையே எடுத்துட்டுப் போறேன்.

— கைக்குடா? இப்பத்தான குடுத்துட்டேன்?

— குடுத்துட்டல்ல, போதும். அப்புறம், அண்ணே... அந்த ஈஸ்டருக்கு உன் கிடார சரி பண்ணுனது ஆண்டவர் இல்ல. நீ தூங்குனப்புறம் மூடியக் கழட்டி, விட்டுப்போன வயர ஒட்டுனது நான்தான். உள்ள என் பேரப் பாத்துட்டு, உன் கிடார்லயே திருப்பி மாட்டி வெச்சதும் நான்தான்.