ஓரம் தெரியாத மூக்கு

கைக்குட்டை இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நீங்கள் வைத்திருக்கிறீர்கள், ஐயா. உள்ளே வந்ததுமே கவனித்தேன். அதையும் ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் மனம்விட்டுப் பேசலாம் என்று தோன்றுகிறது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். புற்றுநோய்க்காக மூக்கையோ காதையோ வெட்டி எடுத்துவிட்டால், அந்த இடத்துக்கு சிலிக்கானில் புதிதாகச் செய்து கொடுப்பேன். ஆஸ்பத்திரியில் என்னை 'மூக்குக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வேலைக்கு இரக்க மனசு வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இருந்தது அருவருப்புதான். சதையின் ஈரம், சளி, பொருக்கு, வாடை எதுவும் எனக்கு ஆகாது. சீக்கிரம் மூடிவிட வேண்டும் என்ற அவசரத்திலேயே என் கை தேர்ந்துவிட்டது.

ஸ்கூல் டீச்சரான அந்த அம்மா முதலில் வந்தபோது முகத்துக்கு நடுவே ஒரு குழி, அதன்மேல் பஞ்சுத்துணி. கூட வந்தது மகள் மட்டும்தான். பழைய போட்டோவில் மூக்கும் முழியுமாக இருந்தார். துணியை எடுத்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்து வைத்தேன்.

அந்த மூக்கில் என் வித்தையெல்லாம் கொட்டினேன். மெழுகில் செதுக்கி, ஆரஞ்சுத் தோலை அழுத்தித் தோலின் துளைகளைக் கொண்டுவந்தேன். சிவப்பு நூலைப் பொடிப்பொடியாக நறுக்கி உள்ளே கலந்தேன், ரத்தம் ஓடுகிற மாதிரி இருக்கும். ஓரம் வெங்காயச் சருகு போல மெலிந்து, கன்னத்து மடிப்புக்குள் போய் மறைந்துவிடும். டீச்சர் கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நாளைக்கே ஸ்கூலுக்குப் போறேன் சார்" என்றார். போனார். முன்வரிசைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியவில்லையாம். ஒரு கருத்தரங்கில் அவரை மேடையேற்றி, ஓரம் எங்கே என்று காட்டச் சொல்லி டாக்டர்களுக்குச் சவால் விட்டேன். எல்லோரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

சில மாதம் கழித்து வந்தபோது இடது ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது.

"சரியா உக்கார மாட்டேங்குது சார். நான்தான் ஒழுங்கா ஒட்டலையோ?"

கழற்றிப் பார்த்தேன். குழியின் உள்சுவரில் பட்டாணி அளவுக்கு ஒரு முளை. தொட்டால் கசிந்தது. நோய் திரும்பினால் பல நேரம் முதலில் கண்ணில் படுவது எங்களுக்குத்தான். உடனே சர்ஜனிடம் அனுப்ப வேண்டும், அதுதான் முறை. அனுப்பினால் அவர் கன்னத்தையும் சேர்த்து வெட்டுவார். மடிப்பு போய்விடும். அப்புறம் என் ஓரம் எங்கே ஒளியும்?

ஆகவே முளைக்கு இடம் விட்டு, மூக்கின் உள்பக்கத்தைக் குடைந்தேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

"உங்க மேல தப்பில்ல டீச்சர். சதை அப்படி இப்படி அசையத்தான் செய்யும். சரி பண்ணிட்டேன்."

"தெய்வம் சார் நீங்க."

நான் மறுக்கவில்லை.

அதன்பிறகு அவர் வரும்போதெல்லாம் அது வளர்ந்திருந்தது. நானும் குடைந்துகொண்டே இருந்தேன். சர்ஜனிடம் காட்ட வேண்டிய நாள் நெருங்கியதும், "நானே அவர்கிட்ட பேசிட்டேன், எல்லாம் நல்லா இருக்கு, நீங்க அலைய வேணாம்" என்றேன். ஒருநாள் மகள் என்னைத் தனியாக அழைத்தாள்.

"அம்மா பக்கத்துல படுத்தா ஒரு வாடை வருது சார். அவங்ககிட்ட சொல்ல மனசு வரல."

"பசை வாடைம்மா. வேற பசை தரேன்."

வாசனை கலந்த பசை கொடுத்தேன். அது என்ன வாடை என்று எனக்குத் தெரியும். அவர்கள் போனதும் தோல் உரிகிற மாதிரி கைகளைத் தேய்த்துக் கழுவுவேன். என் வேலையை இந்த அம்மாவின் சதை கெடுக்கிறதே என்று எரிச்சல் வரும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் வகுப்பறையிலேயே ரத்தம் கொட்டி விழுந்தார். சர்ஜன் மூக்கைக் கழற்றியபோது நோய் கண் வரைக்கும் ஏறியிருந்தது. இனி வெட்டிப் பயனில்லை என்று கைவிரித்துவிட்டார். மூக்கைத் திருப்பிப் பார்த்தவரும் அவர்தான். உள்ளே நான் குடைந்த தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

டீச்சர் இறந்த அன்று வீட்டுக்குப் போனேன். மகள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"உங்களுக்குத் தெரியும்தானே சார்?"

"தெரியும்மா" என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

என் முகத்தில் துப்பினாள். கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டேன்.

பத்திரிகைக்காரர்கள் இதற்குக் கண், காது, மூக்கெல்லாம் வைத்து எழுதுவார்கள். நீங்கள் உள்ளதை எழுதுங்கள். தெரிந்தே மறைத்தேன். அதனால்தான் அந்த அம்மா இறந்தார். ஆனால் சாட்சிப் பொருள் என்று ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த மூக்கை ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள், ஐயா. அவர் முகத்திலேயே நோய் தொடாத இடம் அது ஒன்றுதான்.